திருத்தம்: அவர்கள் கல் எறியவில்லை

"காணாமப் போன பூனைக்குட்டி கிடைச்சுடுச்சாம். படத்தோட நாலு பத்தி" என்று வாசித்தாள் மனைவி. "நாங்க பத்தொன்பது நாளா ரோட்டோரம் உட்கார்ந்திருக்கோம். பேசாம பூனையாப் பிறந்திருக்கலாம்."

கமா காபித் தம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். அந்தப் பத்திரிகையில் அவன் துணை ஆசிரியர். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பத்து இடத்தில் நின்று யோசிப்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவள் பிரசவ வார்டு நர்ஸ். மாதக் கடைசியோடு அந்த வார்டை மூடப்போவதாக மருத்துவமனையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்காவது வலி எடுத்தால் பதினெட்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். நர்ஸுகள் முறை வைத்துக்கொண்டு எதிர் நடைபாதையில் போய் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. சாயங்காலம் எழுந்து போகும்போது இடத்தைப் பெருக்கிவிட்டு வேறு போனார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

"முதல் பக்கமா கேட்கறோம்? உட்கார்ந்திருக்கோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"இன்னிக்கு ஆசிரியர்கிட்டப் பேசிடறேன்."

"பேசுங்க, கமா சார்."

ஆசிரியருக்கு அறுபது வயது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கல்லு விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"கண்ணாடி உடைஞ்சுதா?"

"உடையல சார்."

"யாராவது மயக்கம் போட்டாவது விழுந்தாங்களா?"

"எல்லாரும் நர்ஸுங்க சார். விழ விட மாட்டாங்க."

"அப்புறம் செய்தி எங்கேய்யா இருக்கு?"

கமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதவு வரை போய்விட்டான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஆசிரியர் திரும்பக் கூப்பிட்டார். "சரி, நாலு வரி எழுதி வச்சுட்டுப் போ. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அந்த அலுவலகத்தில் பிழை திருத்தும் அக்கா படித்து, பிறகு முதலாளி சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தால்தான் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகும். இருபது வருஷத்தில் அக்காவின் கண்ணைத் தாண்டி ஒரு தப்பு போனதில்லை. ஆகவே கமா நாலு வரியை நாற்பது தடவை படித்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தான்.

காலையில் தாளைப் பிரித்தால், 'நர்ஸுகள் மறியல்: போக்குவரத்து பாதிப்பு' என்றிருந்தது.

"மறியலா? சைக்கிள் வந்தாக்கூட நாங்க காலை மடக்கிக்கிறோம்!" என்றாள் மனைவி. பூனைக்குட்டியே தேவலை என்று ஆகிவிட்டது.

கமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆசிரியர் தாளைப் பார்த்து, "அடடா, தப்பாப் போச்சே" என்றார். "திருத்தம் போட்டுடலாம். விவரமா எழுதிக் கொடு."

தப்பு எந்தப் பக்கத்தில் நடந்தாலும் திருத்தத்தை முதல் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டிப் போடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். கடைசி நிமிஷத்தில் ஆசிரியரே அதை அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். கமா எழுதினான்: 'மறியல் என்பது தவறு. பிரசவ வார்டை மூடக் கூடாது என்று இவர்கள் இருபது நாட்களாக நடைபாதையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். தவறுக்கு வருந்துகிறோம்.'

"திருத்தத்தை எவன் படிப்பான்?" என்றாள் மனைவி.

அதுவும் சரிதான் என்று கமாவுக்குப் பட்டது. எழுத்தை நம்பினால்தானே வம்பு, படம் பொய் சொல்லாதல்லவா? வெயிலுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்த நர்ஸுகளை அழகாகப் படம் எடுத்துக் கொடுத்தான். படமும் அழகாகத்தான் வந்தது. கீழே, 'இலவசப் பொருள் வாங்கக் குடையுடன் காத்திருக்கும் பெண்கள்' என்று போட்டிருந்தது.

அன்று மதியம் அவனுக்குச் சாப்பாடு கட்டித் தரப்படவில்லை.

"சார், இது அநியாயம்!" என்று ஆசிரியர் அறையில் கத்தினான்.

"தப்புதான்யா, இல்லேங்கல. திருத்தம் எழுது. தப்பு பெருசு, அதனால ஆறு வரியா எழுது."

கமா ஆத்திரத்தில் எட்டு வரி எழுதினான். போன வருஷம் அந்த வார்டில் பிறந்த குழந்தைகள் எத்தனை, அடுத்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் கொட்டினான். ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. எதையும் வெட்டாமல் விடாத மனுஷன் அவர். கமா இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது முறை நேரிலேயே போய் எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்வது என்று முடிவு செய்தான். நோட்டைப் பிடித்துக்கொண்டு, வழியைப் பார்க்காமல் நடந்துகொண்டே உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினான். பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டில் காலில் ஒரு கல் தட்டியது. அப்படியே அதன் மேல் குப்புற விழுந்தான்.

பன்னிரண்டு நர்ஸுகளுக்கு ஒரே ஒரு முழங்கால் கிடைத்தால் என்ன ஆகும்? கட்டு தொடை வரைக்கும் ஏறிவிட்டது.

மறுநாள் தலைப்பு: 'நர்ஸுகள் போராட்டத்தில் கல்: பத்திரிகையாளர் காயம்.'

இந்தத் தடவை ஆசிரியர் கேட்கும் முன்பே திருத்தத்தை எழுதி மேஜையில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வந்துவிட்டான். 'யாரும் கல் எறியவில்லை. கல் அவர் மேல் விழவில்லை. அவர்தான் கல் மேல் விழுந்தார். அவருக்குக் கட்டுப் போட்டவர்கள், வேலை போகப்போகிற இந்த நர்ஸுகள்தான். வார்டு மூட இன்னும் ஐந்து நாட்களே உள்ளன. வருந்துகிறோம்.'

அது வந்த காலையில் மனைவி அவன் கட்டைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமான திட்டு வரவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உங்க மேல கோவம் இல்லைங்க" என்றாள். "அந்த வார்டுல எத்தனையோ குழந்தைங்களை முதல்ல தூக்கினது இந்தக் கை. கடைசியா விளக்கை அணைச்சுட்டு வர்றதும் இந்தக் கையா இருக்கக் கூடாதுன்னு பார்க்கறேன். அவ்வளவுதான்."

கமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர்ச் செய்தியை எல்லாம் சரிபார்க்கிறவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியைப் பற்றி நாலு வரி சரியாகப் போட வழியில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. முழங்கால் வலிப்பதாகச் சொல்லிச் சமாளித்தான்.

அவள் கிளம்பிப் போனதும் ராஜினாமாக் கடிதம் எழுதினான். ஆச்சரியம், ஒரு இடத்தில்கூட நிற்காமல் எழுதி முடித்தான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவது என்று நடைபாதைக்குப் போனான்.

உட்கார இடம் இல்லை.

பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்று வரிசை. கைக்குழந்தைக்காரிகள், வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டவர்கள், தலை நரைத்த ஆண்கள். ஒரு அம்மா பத்திரிகையிலிருந்து கத்தரித்த கட்டத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைக்காரன் தப்பு பண்ணிட்டு முழிக்கிறதைப் படிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? 'அவர்தான் கல் மேல் விழுந்தார்'னு படிச்சு வீடே சிரிச்சுது. சிரிச்சு முடிச்சப்புறம்தான், அட, வார்டையே மூடப்போறாங்களான்னு உறைச்சுது. எம் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவங்க!"

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஏங்க, இப்போதான் நிர்வாகத்துலேர்ந்து ஆள் வந்துட்டுப் போனாரு. மூடறதைத் தள்ளி வச்சிருக்காங்களாம், நாளைக்குப் பேச வரச் சொல்றாங்க!" அவள் கண் நிறைந்திருந்தது. ரோடு என்றும் பார்க்காமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது குடையை மடக்கியபடி பிழை திருத்தும் அக்கா வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் கமாவுக்குப் பழைய ஆத்திரம் பொங்கியது.

"அக்கா, இருபது வருஷமா ஒரு தப்பை விடாதவங்க நீங்க. ஒரே வாரத்துல மூணு தப்பு எப்படிக்கா உங்க கண்ணைத் தாண்டிப் போச்சு?"

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கமாவை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களைப் பத்தி நல்லதா எழுதினா முதலாளி அடிச்சுடறாரு, அவர் கண்ணுல படாம அச்சுக்குப் போறது திருத்தம் ஒண்ணுதான்; அதனால, நாளைக்கு என்ன தப்பு போட்டா உங்களுக்குச் சௌகரியம்னு ஆசிரியர் கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா."