போன் வந்தால் எழுந்து நிற்பவர்

சூரியன் தினமும் உதிப்பதற்கு முன்னால், "உள்ளே வரலாமா?" என்று அடிவானத்தைத் தட்டிக் கேட்கிறதே, அந்தப் பழக்கம் அதற்கு எங்கிருந்து வந்தது? வேலை போன மனிதர்களிடமிருந்துதான். மரியாதை என்கிற சரக்கை உலகம் முழுவதற்கும் மொத்தமாக உற்பத்தி செய்து அனுப்புகிறவர்கள் அவர்கள். மற்ற எல்லாரும் வெறும் சில்லறை வியாபாரிகள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'நேர்காணல் மகான்'. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் சித்தப்பா.

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். மகான் அப்படிச் சொல்லமாட்டார். "நிறுவனம் வேறொரு திசையில் பயணிக்க முடிவு செய்தது" என்பார். எந்தத் திசை? கதவில் பூட்டுத் தொங்குகிற திசை.

அன்றிலிருந்து வீடே நேர்காணல் அறைதான். ஃபைல் இடது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் வலது கை குலுக்குவதற்குக் காலியாக இருக்க வேண்டும், அதுவும் காய்ந்திருக்க வேண்டும், அதற்காக யாரும் பார்க்காதபடி பேண்டில் ஒரு துடை துடைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கிற தண்ணீரை முழுக்கக் குடித்தால் பதற்றம், தொடாமல் விட்டால் திமிர், ஆகவே ஒரே ஒரு மிடறு. நாற்காலியில் முதுகு படலாம், சாயக் கூடாது. இத்தனை சட்டங்களையும் மனதில் ஓட்டிவிட்டு அவர் சாப்பிட உட்காருவதற்குள் சோறு ஆறிவிடும். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். பயிற்சியாம்.

பலவீனம் என்ன என்று கேட்பார்களே, அதற்கும் பதில் தயார்.

"எடுத்த வேலைய முடிக்காம எழுந்திருக்க மாட்டேன் மேடம். அதுதான் என் பலவீனம்" என்று ஒருநாள் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து சித்தி கேட்டாள்: "அப்ப இந்தக் குழாய் யாரோட பலவீனம்? எத்தனை நாளா ஒழுகுது!"

"கொஞ்சம் பொறு. அடுத்து எப்ப வந்து சேருவீங்கன்னு கேப்பாங்க."

"யாரு, கண்ணாடியா?"

எல்லாவற்றுக்கும் மேலான சடங்கு போன்தான். மணி அடித்ததும் எழுந்து நின்றுவிடுவார். காலர் பொத்தானைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பேசுகிற குரலுக்குக் கண்ணும் இருப்பதுபோல முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டுதான் 'ஹலோ'வே வரும். கிரெடிட் கார்டு விற்கிற பெண்ணிடம் நின்றபடியே, "வாய்ப்புக்கு மிக்க நன்றி" என்று சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். பேசி முடித்ததும், கிடங்கில் ஏணி ஏறி ஏறித் தேய்ந்த வலது முழங்காலைத் தடவிக்கொண்டே மெதுவாக உட்காருவார்.

சிரிக்காதீர்கள். போன தடவை உங்கள் மேலதிகாரி கூப்பிட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நாற்காலியிலா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் என்னிடம், "ஒரு மிஸ்டு கால் குடுடி, போன் உயிரோட இருக்கான்னு பாப்போம்" என்பார். கொடுப்பேன். போன் உயிரோடுதான் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை. போன இடத்தில் எல்லாம் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அதோடு சரி.

அப்புறம் தண்ணீர் பம்ப் கம்பெனி ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அதற்கு முதல் நாள் மகான் என்னிடம் மிஸ்டு கால் கேட்கவில்லை. சட்டையைக் கசங்கலாகவே ஆணியில் மாட்டினார்.

"நாளைக்குப் போகல. போயி என்ன ஆகப்போகுது?"

அன்று சித்தி குழாயைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. சித்தி குழாயை மறந்த நாள் என்றால் வீட்டு நிலைமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் போன கொஞ்சநஞ்சப் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தலைமையாசிரியையின் குரலில் பேசுவது. தோழியின் போனை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

"வணக்கம் சார். பம்ப் கம்பெனிலேருந்து பேசறேன். நாளைக்கு நீங்க கண்டிப்பா வரணும். உங்க அனுபவத்தப் பத்தித்தான் இங்க எல்லாரும் பேசிக்கிட்டிருக்கோம்."

கீழே நாற்காலி நகர்கிற சத்தம் மாடிவரை கேட்டது. எழுந்துவிட்டார்!

"ரொம்ப நன்றி மேடம்." குரலில் பழைய மினுக்கு.

அதோடு வைத்திருக்கலாம். வைத்தேனா? கிடங்கை எப்படிப் பராமரிப்பீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். எந்த போல்ட் எந்தத் தட்டில், எந்தக் கம்பிவடத்தில் எப்போது எண்ணெய் என்று மழை கொட்டினாற்போலக் கொட்டினார். கொட்டட்டும். ஆனால் நின்றுகொண்டல்லவா கொட்டுகிறார்?

"சார், மொதல்ல உக்காருங்க. அந்த முழங்கால வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம், ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து.

மொட்டைமாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள வரலாமா, மேடம்?"

தலைமுதல் கால்வரை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"போன்லதானே பேசின? நீ எதுக்குடி இப்படி நிக்கற?"

அப்போதுதான் கவனித்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார அவ்வளவு இடமிருந்தும், காலர் பொத்தானைப் போட்டு, விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். வலது கை பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கசங்கல் சட்டையை என்னிடம் நீட்டினார்.

"காலைல போட்டுட்டுப் போகணும். இஸ்திரி போட முன்அனுபவம் உண்டா, மேடம்?"