மேகமில்லாமல் நகர்ந்த சுவர்

மைத்துனன் மாரீஸ்வரனுக்கு அத்தான் தளவாய் பம்பாய் திலக் நகரிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா செல்வியும் என் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறோம். பாண்டுப்பில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க இசக்கியம்மன் துணை. போனில் சொன்னால் ‘ம், ம்’ என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். வெற்றி, மாப்ளே, முழு வெற்றி!

எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதும், அதுவரை நாங்கள் அடுத்த தெருவில் வாடகைக்கு இருப்பதும் உனக்குத் தெரியும். புது வீட்டில் எனக்கு ஒரே ஒரு ஆசை, ஹாலில் மூன்று பேர் உட்காரும் சோபா. இத்தனை வருஷமாக வருகிறவன் போகிறவன் எல்லாம் என் கட்டிலில்தான் உட்கார்ந்தான், நீ உட்பட. போன மாதம் புது வீட்டின் திருத்திய வரைபடம் வந்தது. பார்த்தால், பாத்ரூமைச் சுற்றி சிவப்புக் கோட்டில் ஒரு மேகம்! பம்பாய்க்காரனுக்கு மேகத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? நேரே மாட்டுங்காவுக்கு, ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கே போய், “வீடே இன்னும் கட்டல, அதுக்குள்ள லீக்கேஜா?” என்று கத்தினேன். எங்கள் கட்டடத்தை வரைகிறவள் சாயிரா என்று தாராவியில் பிறந்த தமிழ்ப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அங்கிள், அது லீக்கேஜ் இல்ல. போன டிராயிங்ல இருந்து எது மாறியிருக்கோ, அதச் சுத்தி மேகம் போடுவோம். மேகம் இல்லன்னா மாத்தம் இல்ல” என்றாள்.

நான் நம்புகிற ஆளா? வீட்டுக்கு வந்து பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் பார்த்தேன். அடப் பாவிகளா! சமையலறைச் சுவர் இரண்டு அடி ஹாலுக்குள் வந்து நிற்கிறது, மேகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் சோபாவில் ஒரு ஆள் உட்காரும் இடம் போயே போச்சு. உன் அக்காவிடம் சொன்னால், தேங்காய் துருவிக்கொண்டே, “ரெண்டு அடிதான, விடுங்களேன்” என்கிறாள். வெளியுலகம் தெரியாதவள், பாவம்.

மறுநாளே திரும்பப் போய்ட்டேன். சாயிரா கம்ப்யூட்டர்ல கட்டடத்தையே பொம்மை மாதிரி திறந்து, பழைய மாடலையும் புது மாடலையும் ஒண்ணா வச்சா. மாறின இடம் மட்டும் பச்சையா மின்னுச்சு. எது? என் சுவரு! “இப்ப என்ன சொல்லுத?”ன்னு மேசையைத் தட்டினேன். அந்தப் பொண்ணு முழிச்ச முழி இருக்கே! “அங்கிள், ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே”ன்னா. “அவகிட்ட என்னத்தக் கேக்க?”ன்னேன். அவளும் சுவத்தப் பழைய இடத்துக்கே தள்ளி, சுத்தி மேகமும் போட்டு, அஞ்சாவது திருத்தம்னு எழுதிக் கொடுத்துட்டா. கையெழுத்துப் போட்டேன் பாரு, பேனா கிழியுற மாதிரி! வர்ற வழியில எல்லாருக்கும் வடா பாவ் வாங்கிட்டு வந்தேன். இப்போ எங்க கட்டடத்து சொசைட்டிக்காரங்க அத்தனை பேரும் அவங்கவங்க டிராயிங்கத் தூக்கிக்கிட்டு என் ஜன்னலுக்குத்தான் வாராங்க.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். எடுத்த காரியமெல்லாம் உங்களுக்கும் என்னைப் போலவே ஜெயமாகட்டும். தபாலில் போடச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

வெற்றியோடு,
தளவாய்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுதேன். சாயிராகிட்ட அந்தச் சுவத்தத் தள்ளச் சொன்னதே நான்தாம்ல. மேகம் போடாதம்மா, அங்கிள் கண்ணுல பட்டுரும்னு சொன்னதும் நான்தான். இவ்வளவு காலமும் ஒரு கால உள்ள, ஒரு கால வெளிய வச்சுல்லா சமைச்சேன். ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து காய் நறுக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? நேத்து நானே மாட்டுங்கா போனேன். வீடு என் பேர்லதான இருக்கு, உங்க அத்தான் கையெழுத்துக்கு அங்க வேலையே இல்லியாம். ஆறாவது திருத்தத்துல நான் போட்டாச்சு. ரெண்டு அடிக்கு மேல அரையடியும் கேட்டு வாங்கிட்டேன். அவருகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, என்னமோ ஜெயிச்சுட்டேன்னு சந்தோஷமா இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும்.