சித்திக்கு வயித்தெரிச்சல்

மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்த வந்த மருத்துவ மாணவி, முதல் கேள்வியிலேயே வசமாக மாட்டிக்கொண்டாள். வீட்டில் யாருக்காவது உடம்பில் கோளாறு இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்திருந்தாள்.

"எங்க மாமாவுக்குக் கை நீளம், டாக்டரக்கா. அம்மா சொன்னாங்க," என்றான் முன்வரிசைப் பொடியன்.

கடைசி பெஞ்சில் தனியாக அவளுடைய பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். சிரித்துப் பழக்கமில்லாத மனுஷர். பாடம் தேறியது என்று அவர் சொல்லாவிட்டால் இந்த வருஷப் படிப்பை அவள் மறுபடியும் படிக்க வேண்டும். பாவம், ஏற்கெனவே ஒரு தடவை மறுபடி படித்தாயிற்று. நோயாளி என்ன சொன்னாலும் சிரிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அவளும் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஆள் கை முன்னே பின்னே இருக்கும், அது வியாதியில்லை என்று சமாளித்தாள். போதாதா? அத்தைக்கு வாய் நீளம், பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வகுப்பே வீட்டு மானத்தைக் கப்பலேற்ற ஆரம்பித்தது.

"எங்க சித்திக்கு வயித்தெரிச்சல்," என்றது ஒரு ரெட்டைச் சடை.

அப்பாடா, இது பாடத்தில் இருக்கிறது. "வேளாவேளைக்குச் சாப்பிட்டா சரியாயிடும். எப்பலேருந்து இருக்கு?"

"நாங்க புது வீடு கட்டினதுலேருந்து."

கடைசி பெஞ்சில் யாரோ செருமினார்கள். யாரோ என்ன, அவரேதான். பேச்சை மாற்றினால் போதுமென்று அவள் வயிற்றை விட்டுத் தலைக்குத் தாவினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னப் பெண் ஜன்னலோரமிருந்து எழுந்தாள். "ஒருத்தருக்குத் தலைக்கனம்னு அம்மா சொல்லுவாங்க. வீட்ல யார்கிட்டயும் பேசவே மாட்டார். மருந்து இருக்கா டாக்டரக்கா?"

வகுப்பு சிரித்தது. கேட்டவளுக்கோ கண் கலங்கியிருந்தது. மாணவிக்கு மனசு தாங்கவில்லை. பரீட்சையாவது மண்ணாவது என்று சாக்பீஸைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மருந்து இல்லம்மா. பேசத் தெரியாதவங்களைத்தான் பாதி நேரம் தலைக்கனம்னு சொல்லிடறோம். நீயே போய்ப் பக்கத்துல உக்காரு. முறைச்சாலும் எழுந்து வந்துடாதே."

"திட்டினா?"

"திட்டறதும் பேச்சுதானே?"

சின்னப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைசி பெஞ்சுக்கு நடந்தாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."