கொதிநீரில் தேறிய மாத்திரை

உலகில் இரக்கம் என்று ஒன்று எஞ்சியிருக்குமானால், அது எங்கள் மருந்துத் தரச் சோதனைக்கூடத்தில்தான் இருக்கிறது. இங்கே வந்த எந்த மருந்தும் மனம் நொந்து திரும்பியதில்லை.

அப்படிப்பட்ட புண்ணியத் தலத்துக்கு, இலவச மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய ஒரு காய்ச்சல் மாத்திரை வந்தது. கரைதல் சோதனை எளியது. உடல் சூட்டில் இருக்கும் தண்ணீருக்குள் ஒரு கூடை மேலும் கீழுமாகப் போய்வரும். அரைமணிக்குள் அதிலுள்ள மாத்திரை உடைந்து உதிர வேண்டும். இது உதிரவில்லை. சோதித்த அம்மாவை நாங்கள் 'கறார் அக்கா' என்போம். அவர் கூடையைத் தூக்கிக் காட்டினார். மேலே பொறித்த கம்பெனி எழுத்துகூட மங்கவில்லை.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். எங்கள் கூட்டங்களில் பிஸ்கட் மட்டும் குறித்த நேரத்துக்குள் கரைந்துவிடும். முதலில் தண்ணீர்மீது சந்தேகம் எழுந்தது, மாற்றினோம். பிறகு இயந்திரத்தின் 'நடத்தை' பற்றி விவாதித்தோம். கடைசியில் மாத்திரையைத் தேநீர் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டு, இயக்குநரே கரண்டியால் கிண்டி, இரண்டு குத்தும் குத்தினார். மாத்திரை ஒத்துழைத்தது. 'கரைந்தது' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

கறார் அக்கா மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

"நோயாளி வயித்துக்குள்ள கரண்டிய விட்டு யார் சார் கிண்டுறது?"

கேள்வி நியாயமாக இருந்ததால், குப்பி கழுவும் பிரிவின் முழுப் பொறுப்பும் உடனே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்தை இயக்குநரே போட்டார்.

சில வாரம் கழித்து ஒரு கொத்தனார் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மனைவி மருத்துவமனையில் கிடப்பதாகவும், காய்ச்சல் இறங்கவேயில்லை என்றும், விழுங்கிய மாத்திரை போனபடியே வெளியே வந்துவிட்டதால் கழுவி எடுத்துவந்ததாகவும் சொன்னார். இயக்குநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுத்து பளிச்சென்று இருந்தது. மாத்திரைமேல் குற்றமில்லை, அது கொதிநீரிலேயே தேறியது, அந்த அம்மாவின் வயிற்றில்தான் சூடு போதவில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

"எங்க வயிறு எரிஞ்சுக்கிட்டுதான் சார் இருக்கு" என்றார் கொத்தனார்.

மருத்துவக் குறிப்பு என்று எண்ணி, இயக்குநர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குள் கறார் அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தார். அந்த மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், இப்போதே பெரிய டாக்டரிடம் இதைச் சொல்லி வேறு மருந்து போடச் சொல்லுங்கள் என்றார். பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார் மனிதர்.

இயக்குநர் மாத்திரையை இடுக்கியால் உயர்த்திப் பிடித்தார்.

"ஒரு உடம்புக்குள்ள முழுசா போயிட்டு வந்திருக்கு. ஒரு கீறல் இருக்கா பாருங்க. இதுக்கு மேல என்னய்யா தரம் வேணும்?"

நாங்கள் கைதட்டினோம். கொத்தனார் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்ததாம்.

எங்கள் கூடத்தின் பெருமைக்கு அதனால் குறைவில்லை. மாத்திரை தேறிவிட்டது. கொத்தனாரின் மனைவிதான் தேறவில்லை.