என்ரை சட்டமும் ஒரு போத்தில் வினாகிரியும்

பழைய கேத்தில் உடையும்வரை புதுக் கேத்திலைப் பெட்டியாலை எடுக்கிறேல்லை. இது நான் போட்ட சட்டம். சண்டையாலை கொழும்புப் பாதை மூடிச் சாமான் வராத காலத்திலை, உள்ள கேத்திலும் போனால் வேறை கேத்திலுக்கு எங்கை போறது?

என்ரை மனுசி பியாட்றிஸுக்குச் சட்டம் பிடிக்கேல்லை. பாதை மூட முதல் தமையன் கொழும்பாலை கொண்டுவந்து குடுத்த புதுக் கேத்தில் அலுமாரிக்குள்ளை கிடக்குது. அடுப்பிலை என்ரை அம்மா தந்த கிழட்டுக் கேத்தில். உடுப்பிட்டிக் கிணத்துத் தண்ணி கொதிச்சுக் கொதிச்சு, உள்ளுக்குள்ளை சுண்ணாம்புக் கல்லு விரல் மொத்தத்துக்குப் படிஞ்சுபோச்சு.

அண்டைக்குப் பின்னேரம் போதகர் ஐயா தேத்தண்ணிக்கு வாறார். அவரைக் கூட்டிக்கொண்டுவர வெளிக்கிட்ட பியாட்றிஸ் வாசலிலை நிண்டு சொன்னா.

“குசினியிலை வினாகிரிப் போத்தில் இருக்கு. அதைக் கேத்திலுக்குள்ளை ஊத்திப்போடாதேங்கோ.”

“ஏன்?”

“உங்களுக்கு உது விளங்காது.”

பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு விளங்காதாம். அவ படலையைத் தாண்ட முதல் போத்திலைத் திறந்துபோட்டன்.

கேத்திலுக்குள்ளை பாதி தண்ணி, பாதி வினாகிரி. தண்ணியோடை வினாகிரி சத்தமில்லாமல் கலந்துபோச்சு, கலியாணத்துக்குப் பிறகு நான் அடங்கினமாதிரி. கல்லைக் கண்ட உடனைதான் சீறத் தொடங்கிச்சுது. அடுப்பிலை வைச்சன். கல்லுக் கரைஞ்சு அடி தெரிஞ்சுது. எனக்கெண்டால் சரியான பெருமை. புளிச்ச மணம்தான் மூக்கைத் துளைச்சுது. மணம் போகட்டும் எண்டு ஒரு பிடி அப்பச்சோடா போட்டன். நுரை மூடியைத் தூக்கி எறிஞ்சு, வழிஞ்சு, அடுப்பை நூத்துப்போட்டுது.

கேத்திலைக் கழுவி நல்ல தண்ணி வாத்தன். என்ரை கால் நனைஞ்சுது. தூக்கிப் பாத்தால் அடியிலை மிளகளவு ஓட்டை. இவ்வளவு காலமும் அதைக் கல்லுத்தான் அடைச்சு வைச்சிருந்திருக்கு.

படலை திறந்துது. பியாட்றிஸ், பின்னாலை போதகர்.

“இஞ்சேரும், அம்மான்ரை கேத்தில் ஒழுகுது.” சொல்லேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது.

அவ ஏசேல்லை. அலுமாரியைத் திறந்து புதுக் கேத்திலை எடுத்தா. போதகர் ரெண்டு கோப்பை குடிச்சார். இப்பிடி ஒரு பொறுமைசாலியைத் தந்ததுக்குக் கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னன்.

அவர் போனபிறகு கேட்டன். “ஓட்டை இருக்கிறது உமக்குத் தெரியுமோ?”

“ஓம். போன மாரியிலை ஒழுகினது. பிறகு கல்லு அடைச்சிட்டுது.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“ஒழுகாத கேத்திலை உடைஞ்சது எண்டு ஒத்துக்கொள்ளுவியளோ?”

நான் வெறும் போத்திலைத் தூக்கிப் பாத்தன். “எங்கடை வீட்டிலை வினாகிரி விட்டு ஒண்டும் சமைக்கிறேல்லையே. உந்தப் போத்திலை என்னத்துக்கு வாங்கினனீர்?”

“ஊத்தாதேங்கோ எண்டு சொல்லுறதுக்குத்தான்.”