மூடுபனியில் முந்துகிறார் ஜீவன்

மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர். பைக்கின் வேகமல்ல, ‘நமுனுகுல நிமலன்’ பேசும் வேகம். மோட்டார் ஓட்டப் போட்டிகளை வானொலியில் நேர்முக வர்ணனை செய்யும் இந்த இனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸிலும் அவர்தான், சலூனிலும் அவர்தான்.

இந்த இனம் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டத்துக்குக் குரல் கொடுத்துப் பிறக்கிறது. பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்லிப் பழகுகிறது (நிமலன் சொன்னால், இறந்தவர் யாரையோ கடைசிச் சுற்றில் முந்திக்கொண்டு போனதுபோலவே இருக்கும்). அப்புறம் ஒருநாள் பதுளையில் ஏதோ ஒரு வானொலிக்காரர் காதில் விழுந்து, மைக்கோடு மலையேறிவிடுகிறது. அதற்கு ஒரே பயம்தான். மௌனம்.

சென்ற மாதம் அப்புத்தளையில் பைக் ஓட்டம். “இன்னைக்குப் பிசகில்லாம செஞ்சா ஏப்ரல்ல நுவரெலியா ஓட்டமும் ஒனக்குத்தான்” என்று வானொலி முகாமையாளர் சொல்லியிருந்தார். கொடி அசைந்தது. கூடவே மூடுபனியும் இறங்கியது. பாதையைக் காணோம், பைக்குகளைக் காணோம், நிமலனுக்குக் கையிலிருந்த மைக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

‘ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லலாமே? சொன்னால் அப்புறம் அவர் என்ன வர்ணனையாளர்?

“அதோ நேயர்களே! ஊவா மண்ணின் மைந்தன் ஜீவன் முந்துகிறார்! முந்திக்கொண்டே இருக்கிறார்!”

அந்த ஜீவன், முதல் வளைவிலேயே செயின் அறுந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, நிமலனுக்குப் பின்னால் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். ஜீவனின் கைபேசி அடித்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வானொலியும் கையுமாக இருந்த மனைவி தனுஜா.

“என்னாங்க, பைக்க ஓட்டிக்கிட்டே போன் எடுக்குறீங்களா? அறிவிருக்கா ஒங்களுக்கு? வைங்க போன!”

நிமலன் மைக்கைப் பொத்தினார். “ஜீவண்ணே, காட்டிக் குடுத்துறாதீங்க. ஏப்ரல் போயிரும்.”

“அதுக்காக என்னய ஜெயிக்க வச்சிறாதடா. மொத்த லயமும் மேளத்தோட ரோட்டுக்கு வந்துரும்.”

நிமலன் தொழில் தெரிந்தவர். ஜீவனை முதலிடத்துக்கே கொண்டுபோய், கடைசி வளைவில், குரல் தழுதழுக்க, செயினை அறுத்தார். செயின் அறுந்தது உண்மை. வளைவுதான் கொஞ்சம் மாறிவிட்டது.

கையில் பாதி வடையோடு ஜீவனுக்கே கண் கலங்கிவிட்டது. “சே! கடைசில போயி இப்புடி ஆயிருச்சேடா!”

சிரிக்கிறீர்களா? அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த சண்டையில் யார் முதலில் தட்டை எறிந்தார் என்று நேற்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தது யாராம்? உங்கள் கையில் மைக் இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு நிமலன்தான் போகிறார். அங்கே மூடுபனி இன்னும் அதிகம்.