கம்பித் தட்டு

"கலைப் பாடம் ஒண்ணு குறையுதுன்னு காட்டுது டுவெய்ன்! இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலைன்னா என் சீட்டைத் தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க!"

லோர்னா ஹூக்ஸ்ட்ரா கைபேசியை காலேஜ் ஆலோசகர் டுவெய்னின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். வயது நாற்பத்து மூன்று. பருவத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று ஏழு வருஷம் உருட்டி, மார்லோ கிரீக் கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருஷப் பட்டத்துக்கான பாடங்களை இந்த மே மாதம் ஒருவழியாகக் கரை சேர்த்திருந்தாள். அடுத்தது பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் வருஷம், அப்புறம் டீச்சர் வேலை. தன் பஸ்ஸில் ஏறுகிற வாண்டுகளுக்குப் பாடமும் நடத்திவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது. இப்போது பல்கலைக்கழக வெப்சைட்டில், பொதுப்பாடப் பட்டியலுக்கு நடுவே, ஒரே ஒரு சிவப்புக் கட்டம்.

டுவெய்ன் பதறவில்லை. பதறுகிற ஜாதியே இல்லை அவன்.

"ஜாஸ் வரலாறு படிச்சீங்கல்ல? அது வரலாற்றுக் கணக்குல கிடக்கு. பாட்டுதானே, கலைக்கு மாத்திடலாம். ஒரே ஃபாரம்."

ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு பதிவு அறை ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே வெர்னா. காலேஜ் கட்டிய நாளிலிருந்து இருப்பவள் என்று பேச்சு. ஃபாரத்தை வாங்கினாள், தேதி முத்திரையை 'டக்' என்று குத்தினாள், ஒரு வரிகூடப் படிக்காமல் பக்கத்திலிருந்த கம்பித் தட்டில் போட்டாள். பிறகு செலரிக் கீரைத் தண்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் அவசரம் மேடம்."

"இங்க வர்ற எல்லாருக்கும் அவசரம்தாம்மா."

திரும்பி வந்தால் டுவெய்ன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"கலை நிறைஞ்சிடும். ஆனா வரலாறு காலியாயிடுதே."

"போர்வையைத் தலைக்கு இழுத்தா காலு தெரியுதாக்கும்?"

"விடுங்க, விருப்பப் பாடத்துலேர்ந்து தத்துவத்தைத் தூக்கி அங்க போட்டுடலாம்."

இரண்டாவது ஃபாரம். டக். தட்டு. இந்த முறை வெர்னா தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப விருப்பப் பாடத்துல ஓட்டை" என்றான் டுவெய்ன். மணி மூன்றரை. "கோடை வகுப்புல மண்பாண்டம் செய்யக் கத்துக்குடுக்கறாங்க. அதுல சேர்ந்துட்டா அடைஞ்சிடும். என்ன ஒண்ணு, மே மாசம் பட்டம் வாங்கறவங்களை அதுல சேர்க்க மாட்டாங்க."

"அதுக்கு?"

"பட்டத்துக்குப் போட்ட விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுங்க. ஆகஸ்ட்ல வாங்கிக்கலாம்."

 பட்டமளிப்பு விழாவுக்கான தொப்பியும் அங்கியும் இஸ்திரி போட்டு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. சீட்டே போனால் தொப்பி எதற்கு என்று லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"இதையாவது உடனே கம்ப்யூட்டர்ல ஏத்துங்க மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

வெர்னா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ம்" என்றாள். டக். தட்டு.

"நத்தைகூட இதுக்குள்ள ஊரைச் சுத்தி வந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே லோர்னா பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"நீங்க எதுக்கும்மா பாடத்தை ஒண்ணொண்ணா எண்ணிட்டிருக்கீங்க? ரெண்டு வருஷப் பட்டத்தோட வர்றவங்களுக்குப் பொதுப்பாடம் பூரா முடிஞ்சதாத்தான் கணக்கு. அந்தச் சிவப்புக் கட்டமெல்லாம் பட்டம் முடிக்காம பாதியில வர்றவங்களுக்கு."

"அப்படின்னா... பட்டம் மட்டும் போதுமா?"

"அஞ்சு மணிக்கு உங்க காலேஜ் பதிவைப் பார்ப்போம். மே மாசப் பட்டம்னு இருந்தா சீட்டு. இல்லைன்னா இல்லை."

லோர்னா டுவெய்னிடம் ஓடிப்போய் அதை அப்படியே சொன்னாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்படியா சொல்றாங்க?" என்றான் அவன். "நான் வேலைக்கு வந்தே மூணு வாரந்தாங்க ஆகுது."

அவனைத் திட்டக்கூட நேரமில்லை. மணி நாலு ஐம்பது. ஓடினாள். வெர்னா ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். லோர்னா குறுக்கே கையை நீட்டினாள்.

"மேடம்! அந்தப் பட்டத்தை வாபஸ் வாங்கற ஃபாரம்... ஏத்திட்டீங்களா?"

"நீதானேம்மா உடனே ஏத்தச் சொன்னே?"

"சொன்னேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன்!"  ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

வெர்னா கம்பித் தட்டை இழுத்தாள். மேலே கிடந்த மூன்று தாளையும் எடுத்து, மடங்கிய முனையை நீவி, அவள் கையில் கொடுத்தாள்.

"அந்த டுவெய்ன் வந்த நாள்லேர்ந்து, அவன் அனுப்பற ஃபாரம் எதையும் நான் அஞ்சு மணி வரைக்கும் தொடறதே இல்லைம்மா. எல்லாரும் இப்படித்தான், அழுதுட்டே திருப்பி வாங்க வந்துடறாங்க."